அருஞ்சொல்லும் ஆங்கில அகராதியும்

கற்போர்க்கென ஆக்கப்பெற்று இந்நாளில் வழங்கும் ஆங்கில அகராதி ஒன்றனை விரித்து நோக்கின், ஒரு சொல்லைச் சார்ந்து மூன்று செய்திகள் நிற்கக் காணலாம். சொல்லை ஒலிக்குமாறு காட்டும் குறியீடு ஒன்று, பொருள் ஒன்று, கற்போன் எந்தப் படிநிலையில் அச்சொல்லைக் கற்கத்தகும் என்று உணர்த்தும் எண்ணோ எழுத்தோ மற்றொன்று. இம்மூன்றும் அகராதி பிறந்த நாளிலேயே உடன்பிறந்தவை போலத் தோன்றும். உண்மை அதுவன்று. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் அகராதி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. ஒலிப்பு முறையை முழுமையாகக் காட்டும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றது. படிநிலை காட்டும் முயற்சியோ 20-ஆம் நூற்றாண்டினது. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் படிப்பாளரை முன்னிட்டு வந்தன. எது அருஞ்சொல் என்ற வினாவுக்கு நானூறு ஆண்டுகளாகக் கூறப்பட்டு வந்த விடைகளே ஆங்கில அகராதியின் வரலாறு எனலாம். அவ்விடை ஒவ்வொன்றனுள்ளும் 'யாருக்கு அருஞ்சொல்?' என்ற வேறொரு வினா மறைந்து கிடக்கிறது. அதனை வெளிக்கொணர்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா தமிழிலக்கண நூலார்க்குப் புதியதன்று. வெளிப்படையாகப் பொருள் தோன்றும் சொற்களை எடுத்தோத வேண்டுவதில்லை என்றும், அவ்வாறு வெளிப்படாத உரிச்சொற்களே ஓதத்தக்கன என்றும் தொல்காப்பியர் உரியியலின் தொடக்கத்தில் வரையறை செய்துகொள்கிறார். அவ்வியலின் பிற்பகுதியில் அவர் கூறுவன மேலும் ஆழமானவை. ஒரு சொல்லுக்குப் பொருள் கூறியபின், அப்பொருளை உணர்த்த வந்த சொல்லுக்கும் பொருள் யாதென வினவிச் சென்றால் அதற்கு எல்லையே இராது என்கிறார். பொருளுணர்ச்சியின் வாயில் உணர்வோரது ஆற்றலைப் பொறுத்தது என்றும் கூறுகிறார். பவணந்தியார் நன்னூலில், யாவர்க்கும் பொருள் விளக்குவதனை இயற்சொல் என்றும், பொருள் அரிதின் உணரப்படுவதனைத் திரிசொல் என்றும் வகுத்தார். முன்னவர் அருமையை உணர்வோன்பால் வைத்தார், பின்னவர் அதனைச் சொல்லின்பால் வைத்தார் எனக் கொள்ள இடமுண்டு. இவ்வேறுபாட்டை உடன்படாதாரும் இருத்தல் கூடும். எனினும், ஆங்கில அகராதியாளர் இவ்விரு நிலைகளுக்கும் இடையே மாறிமாறிச் சென்றமையைக் காணுங்கால், நம் இலக்கணத்தார் வகுத்த இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்கிறது.

16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலமொழி பெரியதொரு வெள்ளத்துக்கு ஆளாயிற்று. இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளினின்றும் சொற்கள் அளவின்றி வந்து புகுந்தன. சமய நூல்களும் மருத்துவ நூல்களும் சட்ட நூல்களும் ஆங்கிலத்தில் எழுதப்படத் தொடங்கிய காலம் அது. எழுதினோர் இலத்தீன் கற்றவர். அவர்தம் எழுதுகோலில் இலத்தீன் சொற்களே முந்தி வந்தன. அச்சொற்களை 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று எள்ளி நகையாடினோர் பலர். தாமஸ் வில்சன் 1553-இல் வெளியிட்ட அணிநூலில், இத்தகைய சொற்களை அடுக்கி எழுதிய நகைப்புக்குரிய கடிதம் ஒன்றனை அமைத்துக் காட்டினார். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சர் ஜான் சீக் இன்னும் ஒருபடி மேற்சென்று, மத்தேயுவின் நற்செய்தியைப் பிறமொழிச் சொற்களை இயன்றவரை விலக்கி மொழிபெயர்க்கத் தலைப்பட்டார். 'செஞ்சூரியன்' என்னும் படைத்தலைவனை, நூறு என்னும் பொருளுடைய தம் நாட்டுச் சொல்லினின்று 'ஹண்ட்ரடர்' என ஆக்கினார். நம்மிடையே 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தை அறிந்தவர்க்கு இம்முயற்சியின் உள்ளக்கிடக்கையை விளக்க வேண்டுவதில்லை. ஆனால், ஆங்கிலத்தில் அம்முயற்சி வேரூன்றவில்லை. வந்த சொற்கள் தங்கிவிட்டன. அவற்றைத் துரத்த இயலாதெனின் விளக்கியாக வேண்டும் என்ற நிலை பிறந்தது.

பள்ளியாசிரியர்களே இத்தேவையை முதலில் உணர்ந்தனர். ரிச்சர்டு மல்காஸ்டர் 1582-இல் ஏறத்தாழ 8,000 சொற்களைப் பொருளின்றி நிரல்படுத்தி, ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் தொகுத்துப் பொருள் கூறுவார் ஒருவர் முன்வரவேண்டும் என்று வேண்டினார். எட்மண்டு கூட் 1596-இல் இயற்றிய பள்ளிநூலின் இறுதியில் அருஞ்சொற்பொருள் அட்டவணை ஒன்று இடம்பெற்றது. இவற்றின் வழிவந்ததே ராபர்ட் காட்ரி 1604-இல் இலண்டனில் வெளியிட்ட 'டேபிள் ஆல்ஃபபெட்டிகல்' என்னும் அகரவரிசை அட்டவணை. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் தனியகராதிகளுள் முதலாவது என்று இதனையே அறிஞர் கொள்வர்.

காட்ரியின் வாழ்க்கை அவர்தம் நூலுக்கு நல்ல உரையாக அமைகிறது. அவர் ஓக்கம் என்னும் ஊரில் பள்ளியாசிரியராயிருந்தவர்; பின்னர்த் திருச்சபையில் குருவானவர். திருச்சபை விதித்த வழிபாட்டு முறைகளுக்கு உடன்படாமையால் தம் பதவியை இழந்தார். அது குறித்து அவர் பொருட்டு நடந்த வழக்கு 1591-இல் அவருக்கு எதிராக முடிந்தது. இன்றும் ஆங்கிலச் சட்ட வரலாற்றில் அது காட்ரி வழக்கு என்றே பெயர் பெற்று விளங்குகிறது. ஆகவே, விவிலியத்தையும் மறையுரையையும் மக்கள் தாமே கேட்டுத் தாமே உணரவேண்டும் என்னும் வேட்கை மிக்கவர் கையிலிருந்து முதல் ஆங்கில அகராதி பிறந்தது. அதில் உள்ளவை 2,500-க்குச் சற்று மிகுதியான சொற்களே. பெரும்பாலான சொற்களுக்கு ஒரு சொல்லோ சில சொற்களோதான் பொருளாகக் கூறப்பட்டுள்ளன. பிரெஞ்சிலிருந்து வந்தவற்றுக்கு ஒரு குறியும், கிரேக்கத்திலிருந்து வந்தவற்றுக்கு ஓர் எழுத்தும் இட்டுக் காட்டினார். கூட்டின் அட்டவணையினின்று அவர் எடுத்துக்கொண்டவை மிகப் பல. அக்காலத்தில் அது களவாகக் கருதப்படவில்லை; நம் நிகண்டு நூலார் முன்னோர் நூற்பாவை வாளா எடுத்தாண்டமையை ஒப்ப நோக்குக.

இந்நூல் யாருக்கு என்பதனை அதன் தலைப்பே கூறுகிறது. சீமாட்டியர், உயர்குடி மகளிர், கல்விப் பயிற்சியில்லாத பிறர் ஆகியோர்க்கென ஆக்கப்பட்டது என்பது அத்தலைப்பின் கருத்து. ஹாரிங்டன் குடும்பத்துச் சகோதரியர் ஐவர்க்கு இது உரிமையாக்கப்பட்டுள்ளது. ஈண்டு நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். அம்மகளிர் எழுத்தறியாதவர் அல்லர். செல்வக்குடியில் பிறந்தவர், தம் தாய்மொழியில் படிக்கவும் எழுதவும் வல்லவர். இலத்தீன் பள்ளியின் கதவுகள் அவர்க்குத் திறக்கப்படவில்லை, குறை அஃதொன்றே. இலத்தீன் கற்ற சிறுவனுக்கு இயற்சொல்லாக இருந்தது, அவனைப் பெற்றெடுத்த தாய்க்கு அருஞ்சொல்லாயிற்று. வெளிநாடு சென்று மீண்டு அயற்சொல் கலந்து பேசுவோரின் பேச்சை அவர்தம் தாயர் கேட்டால் விளங்கிக்கொள்ளார் என்று காட்ரி தம் முன்னுரையில் கூறுகிறார். இதனையும் அவர் வில்சனிடமிருந்தே எடுத்தாண்டார். ஆக, 1604-இல் அருஞ்சொல் என்பதன் அளவுகோல் கல்வி மறுப்பு ஆகும். சொல்லின் நீளமோ பொருளின் நுட்பமோ அன்று.

அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. அகராதியில் சொல்லைத் தேடுமாறு எங்ஙனம் என்று காட்ரி விளக்குகிறார்: நெடுங்கணக்கை மனப்பாடம் செய்துகொள்க, தேடும் சொல் முதலெழுத்தில் தொடங்கின் நூலின் தொடக்கத்தில் பார்க்க, நெடுங்கணக்கின் பிற்பகுதியில் உள்ள எழுத்தில் தொடங்கின் நூலின் இறுதியை நோக்கிச் செல்க என்று சிறுவர்க்குக் கூறுவதுபோலக் கூறுகிறார். இன்று நகைப்பை விளைக்கும் இவ்வறிவுரை அன்று இன்றியமையாததாயிருந்தது. அதற்குப் பத்தாண்டுகட்கு முன், 1594-இல், சிதம்பரம் ரேவணசித்தர் முதலெழுத்து அடைவில் சொற்களை அமைத்து அகராதி நிகண்டு இயற்றினார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர், இரு வேறு நாடுகளில், ஒரே நூற்றாண்டின் எல்லையில், சொற்களைப் பொருள்வகையால் அடுக்காது எழுத்துவகையால் அடுக்கினர். எனினும், வேறுபாடு பெரிது. ரேவணசித்தர் செய்யுளில் பாடினார். மனப்பாடம் செய்து உள்ளத்தில் வைத்துக்கொள்வோர்க்கு அது. காட்ரி உரைநடையில் நிரல்படுத்தினார்; வேண்டியபோது தேடிப் பார்த்துவிட்டு மூடி வைப்போர்க்கு அது. தமிழில் தேடிப் பார்த்தற்குரிய அகராதி, வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதியாக வெளிவந்தது.

காட்ரிக்குப்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் அருஞ்சொல் அகராதிகளே தொடர்ந்து வந்தன. மருத்துவராகிய ஜான் புல்லோக்கர் 1616-இல் வெளியிட்ட நூலில், பழைய நூல்களில் மட்டும் வழங்கி வழக்கொழிந்த சொற்களுக்கு உடுக்குறி இட்டார். சொல்லின் தகுதியைக் குறியால் காட்டும் வழக்கத்துக்கு இது முன்னோடி. ஹென்றி காக்கரம் 1623-இல் வெளியிட்ட அகராதியின் முதற்பகுதி அருஞ்சொல்லுக்கு எளிய சொல் கூறியது. இரண்டாம் பகுதியோ எளிய சொல்லுக்கு அருஞ்சொல் கூறியது! விளங்கிக்கொள்ள விரும்புவோர்க்கு ஒரு வாயில், பிறர்க்கு விளங்காமல் பேச விரும்புவோர்க்கு மற்றொரு வாயில். அருமை என்பது இடர் மட்டும் அன்று. மதிப்பும் ஆகும் என்பதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார். தாமஸ் பிளௌண்ட் என்னும் சட்ட அறிஞர் 1656-இல் வெளியிட்ட நூலில் சொற்களின் மூலத்தையும் சில இடங்களில் ஆண்ட ஆசிரியர் பெயரையும் கூறினார். கவிஞர் மில்டனின் உடன்பிறந்தாள் மகன் எட்வர்டு பிலிப்ஸ் 1658-இல் அதனைப் பெரிதும் பெயர்த்தெழுத, சினங்கொண்ட பிளௌண்ட் அவர்தம் பிழைகளைத் தனிநூலாகவே 1673-இல் வெளியிட்டார். இப்பூசலை விரித்தல் ஈண்டு வேண்டா.

ஆனால், இவ்வகராதிகளால் விளைந்த விந்தை ஒன்றனைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. இலத்தீன் அகராதியிலுள்ள சொல்லுக்கு ஆங்கில ஈறு சேர்த்து ஆங்கிலச் சொல்லென ஆசிரியர் தாமே புகுத்திய சொற்கள் பல. அவற்றை ஒருவரும் பேசியதில்லை, எழுதியதில்லை. ஓர் அகராதியினின்று மற்றோர் அகராதிக்கு மட்டும் அவை குடிபெயர்ந்து வாழ்ந்தன. சாமுவேல் ஜான்சன் அவற்றுள் சிலவற்றைத் தம் அகராதியில் ஏற்றபோது, எடுத்துக்காட்டு ஏதும் கிடையாமையால், 'அகராதி' என்பதனையே சான்றாகக் குறித்துவிட்டார். சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரகராதியில் பிங்கலந்தை ஒன்றனையே மேற்கோளாகக் கொண்டு நிற்கும் சொற்களை இதனோடு ஒப்பிடலாம். அவற்றுள் எவை இலக்கியம் அழிந்தமையால் தனித்து நிற்பவை, எவை நிகண்டினுள்ளேயே பிறந்தவை என்று ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்றதொரு பொருளாகும்.

எளிய சொற்களுக்கு அகராதியில் இடமளித்தவர் ஜே. கே. என்ற முதலெழுத்துக்களோடு 1702-இல் நூல் வெளியிட்டவர். அவர் ஜான் கெர்சி என்பது அறிஞர் பலர் கொள்கை. நாள்தோறும் வழங்கும் சொற்களை அவர் சேர்த்ததற்குக் காரணம் எழுத்துக்கூட்டலேயன்றிப் பொருளன்று. இளையோரும் தொழில்செய்வோரும் பிழையின்றி எழுதுதற்குத் துணையாக வேண்டும் என்பது அவர் கருத்து. எளிய சொல்லுக்குப் பொருள் கூறுதல் எத்துணை அரிது என்பது 1755-இல் ஜான்சன் தம் பேரகராதியை முடித்தபோதே உலகுக்குத் தெரிந்தது. ஒன்றனை விளக்க அதனினும் எளியது வேண்டும். மிக எளியதனை விளக்க யாது உளது என்று அவர் தம் முன்னுரையில் இடர்ப்படுகிறார். தொல்காப்பியர் எல்லையின்மை என்று கூறிய இடம் இதுவே. வலைப்பின்னல் என்னும் எளிய பொருளை விளக்க, அதனினும் பன்மடங்கு அரிய இலத்தீன் சொற்கள் மூன்றனை ஜான்சன் ஆண்டார். அவ்விளக்கம் இன்றளவும் நகையாடப்படுகிறது. நகையாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 'டேக்' என்ற ஓரசைச் சொல்லுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொருள் வேறுபாடுகளை எடுத்துக்காட்டுகளுடன் பிரித்து எண்ணியவரும் அவரே. உண்மையில் அருஞ்சொல் எது என்பதற்கு அவர்தம் அகராதியின் பக்கங்களே விடை கூறுகின்றன. காட்ரி பொருட்படுத்தாது விட்ட சிறு சொற்களே ஜான்சனது உழைப்பில் பெரும்பங்கை விழுங்கின.

இனி, ஒலிப்பைப் பற்றிக் காண்போம். காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவினார். அதன்பின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோயிற்று. அதே காலத்தில் நெட்டுயிர்களின் ஒலிகள் பெருமாற்றம் அடைந்துகொண்டிருந்தன. எழுத்து ஒருவழி நிற்க, ஒலி மற்றொரு வழி சென்றது. ஆயினும், முதல் அகராதிகள் ஒலிப்பைப் பற்றிக் கவலைகொள்ளவில்லை. அவற்றைப் படித்தோர் சொல்லைக் காதால் கேட்டுப் பொருளறியாது திகைத்தவர். ஒலி அவர்க்குத் தெரியும், பொருள்தான் தெரியாது. ஜான்சனும் அழுத்தம் பெறும் அசையைக் குறித்ததோடு பெரும்பாலும் அமைந்தார். அதற்கு அவர் கூறிய காரணம் பாஸ்வெல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் உள்ளது. 'கிரேட்' என்னும் சொல் 'ஸ்டேட்' என்பதனோடு இயையும் என்றார் செஸ்டர்ஃபீல்டு பிரபு. 'சீட்' என்பதனோடு இயையும் என்றார் சர் வில்லியம் யங். முன்னவர் பிரபுக்கள் அவையில் தலைசிறந்த பேச்சாளர். பின்னவர் மக்கள் அவையில் தலைசிறந்த பேச்சாளர். இவ்விருவரே முரண்படின் எதனை நாட்டுவது என்பது ஜான்சனின் வினா. உயர்ந்தோர் வழக்கே வழக்கு என்ற நெறி, உயர்ந்தோர் இருவர் வேறுபட்ட இடத்தில் செயலற்று நின்றது.

ஜான்சன் அஞ்சி விட்டதனைத் துணிந்து செய்தோர் யாவர் என்று நோக்கின் வியப்புண்டாகும். 1757-இல் ஒலிப்பகராதி வெளியிட்ட ஜேம்ஸ் புக்கானன் ஸ்காத்லாந்து நாட்டினர். 1780-இல் சொற்களை ஒலிக்கேற்ப மீண்டும் எழுதி, உயிரெழுத்தின்மேல் எண்ணிட்டுக் காட்டிய தாமஸ் ஷெரிடன் அயர்லாந்து நாட்டு நடிகர். நாடக ஆசிரியர் ஷெரிடனின் தந்தை. ஆங்கில ஒலிப்பை வரையறுக்க ஓர் அயர்லாந்தினருக்கு உரிமை யாது என்று ஜான்சன் வினவியதாகப் பாஸ்வெல் குறித்துள்ளார். அதற்குரிய விடை வரலாற்றில் இருக்கிறது. 1707-இல் ஸ்காத்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே ஆட்சியாக இணைந்தபின், வழக்குமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பதவி பெற விழைந்த ஸ்காத்லாந்தினர்க்கு இலண்டன் ஒலிப்பு வாழ்வாதாரம் ஆயிற்று. ஷெரிடன் 1761-இல் எடின்பரோ நகரில் ஒலிப்புமுறை பற்றிச் சொற்பொழிவாற்றியபோது அந்நகரத்துப் பெருமக்கள் திரண்டு வந்து கேட்டனர். நூலறிவு மிக்கோர் அவர்; பொருள் அவர்க்குத் தெரியும், ஒலிதான் தெரியாது. காட்ரியின் மகளிரோடு இவர்களை ஒப்பிட்டுக் காண்க. நடிகராயிருந்த ஜான் வாக்கர் 1791-இல் வெளியிட்ட ஒலிப்பகராதி நூறு பதிப்புகளுக்குமேல் கண்டது. ஸ்காத்லாந்தினரும் அயர்லாந்தினரும் தத்தம் நாட்டு ஒலிப்பினின்று நீங்குதற்குரிய விதிகளை அவர் முன்னே வைத்தார். இலண்டன் மாநகரத்து எளிய மக்களுக்கும் அவ்விதிகளில் இடமளித்தார். சொந்த ஊரினரே திருத்தப்பட வேண்டியவர் என்றால், திருத்தமான ஒலிப்பு ஊரைச் சார்ந்ததன்று, குலத்தைச் சார்ந்தது என்பது வெளிப்படை. டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட ஒலிப்பகராதியில் இது மறைக்கப்படவுமில்லை. தென்னிங்கிலாந்தில், உயர்தர விடுதிப் பள்ளிகளில் பயின்ற ஆடவரின் குடும்பங்களில் வழங்கும் பேச்சையே தாம் பதிவு செய்வதாக அவர் நேர்மையுடன் கூறினார்.

தமிழகராதியில் ஒலிப்புக் குறிக்கும் தேவை எழவில்லை. எழுத்தைக் கண்டவுடன், அது நிற்கும் இடம் நோக்கி, வல்லினம் ஒலிக்குமாற்றைத் தமிழர் உணர்வர். ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தமிழெழுத்தில் காட்டப் புகுங்கால்தான் இடர் தோன்றுகிறது. கரடிக்கும் பேரிக்காய்க்கும் உரிய இரு வேறு ஆங்கிலச் சொற்களையும் 'பேர்' என்றே எழுத வேண்டியுள்ளது. கடற்கரையும் ஒருவகைப் பழமும் 'பீச்' என்றே நிற்கின்றன. 'பஸ்' என்பதனை நாம் பிழையின்றி ஒலிப்பது எழுத்தின் துணையால் அன்று. அச்சொல்லை முன்பே அறிந்திருப்பதால். அறிந்தவனுக்கே அறிவிக்கும் குறியீடு கற்பவனுக்குப் பயன்படுமாறு இல்லை. அழுத்தமும் அவ்வாறே. முதலசையில் அழுத்தின் பெயராகவும், ஈற்றசையில் அழுத்தின் வினையாகவும் பொருள்படும் 'ரெக்கார்டு' போன்ற சொற்களின் வேறுபாட்டை, அழுத்தத்தால் பொருள் வேறுபடாத தமிழின் எழுத்து காட்டமாட்டாது.

மூன்றாவதாகிய படிநிலையின் வரலாறு எண்ணிக்கையில் தொடங்குகிறது. கேடிங் என்னும் ஜெர்மானியர் 1898-இல், ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் சொற்கள் கொண்ட பகுதியை எண்ணி, எச்சொல் எத்துணை முறை வருகிறது என்று கணக்கிட்டு வெளியிட்டார். சுருக்கெழுத்துப் பயில்வோர்க்கென எண்ணியது அது, மொழி கற்போர்க்கன்று. அமெரிக்க உளநூல் அறிஞர் எட்வர்டு தார்ண்டைக் 1921-இல் ஆசிரியர்க்கென 10,000 சொற்களின் பட்டியல் ஒன்றனை வெளியிட்டார். வருகை மிக்க சொல் எளிது, வருகை குறைந்த சொல் அரிது என்ற கருத்து இதன்பின் பள்ளிகளில் வலுப்பெற்றது. அவர் எண்ணியவை எந்நூல்கள் என்பதனை நாம் கருத்தூன்றிப் பார்த்தல் வேண்டும். மொத்தம் 45,65,000 சொற்கள். அவற்றுள் 30,00,000 விவிலியத்திலும் ஆங்கிலப் பேரிலக்கியங்களிலும் உள்ளவை. 6,25,000 சிறுவர் இலக்கியத்தில் உள்ளவை. 5,00,000 கடிதங்களில் உள்ளவை. 3,00,000 பள்ளிப் பாடநூல்களில் உள்ளவை. நாளிதழ்க்கு 90,000, சமையல், தையல், உழவு, கைத்தொழில் பற்றிய நூல்களுக்கு 50,000. மூன்றில் இரு கூறு பழைய இலக்கியம். அடுப்பங்கரையும் வயலும் பட்டறையும் சேர்ந்து நூற்றில் ஒன்றளவே. வீட்டிலும் தொழிலிடத்திலும் நாள்தோறும் வழங்கும் பெயர்கள் இப்பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்படுவதும், மறைநூற் சொற்கள் முன்னே வருவதும் இயல்பே. எண்ணிக்கையில் பிழையில்லை, எண்ணப்பட்ட நூல்களின் வழியே ஒரு படிப்பாளர் கூட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. தார்ண்டைக் தம் பட்டியலை 1931-இல் 20,000 சொற்களாகவும், இர்விங் லார்ஜுடன் சேர்ந்து 1944-இல் 30,000 சொற்களாகவும் விரித்தார்.

இவ்வரலாற்றின் அடுத்த பகுதி நம் நாட்டு மண்ணில் நிகழ்ந்தது. மைக்கேல் வெஸ்ட் என்பவர் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து, டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்தார். வங்காள மாணவர் இருமொழி கற்பது பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி 1926-இல் வெளிவந்தது. பள்ளியில் சேரும் சிறுவருள் பெரும்பாலோர் படிப்பை முடிப்பதில்லை, இடையிலேயே நின்றுவிடுகின்றனர் என்பதனை அவர் கண்டார். முழுப் படிப்பையும் முடித்தாலன்றிப் பயன்தராத ஆங்கிலப் பாடம் அச்சிறுவர்க்கு என்ன தந்தது? காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைத்தால் கட்டிய தொகையில் ஒரு பகுதியேனும் மீளக் கிடைப்பதுபோல, எந்த வகுப்பில் நின்றாலும் அதுவரை கற்றதற்கு ஒரு மதிப்பு மீள வேண்டும் என்று வாதித்தார். சொற்களைப் படிநிலையாக வகுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இதனினும் சிறந்த காரணத்தை யான் எங்கும் கண்டதில்லை. முதற்படியில் கற்கும் சொற்கள் தாமே ஒரு சிறு நூலைப் படிக்கப் போதியனவாதல் வேண்டும். அடுத்த படிக்கு ஏறாதவனும் வெறுங்கையுடன் செல்லலாகாது. அவர்தம் வாசகங்கள் இம்முறையில் எழுந்தன. பழைய பாடநூல்களில் அளவின்றிக் குவிந்துகிடந்த இலக்கியச் சொற்களை நீக்கி, வழக்கு மிக்க சொற்களை இட்டு, புதுச்சொற்கள் நெருங்கி வாராமல் இடைவிட்டு வருமாறு அமைத்தார்.

வெஸ்ட் எண்டிகாட்டுடன் சேர்ந்து 1935-இல் வெளியிட்ட அகராதி, ஜான்சன் இடர்ப்பட்ட இடத்துக்கு ஒரு தீர்வைக் கண்டது. ஏறத்தாழ 24,000 சொற்களும் தொடர்களும் அதில் விளக்கப்பட்டன. விளக்கும் சொற்களோ 1,490-க்குள் அடங்கின. பொருளுக்குப் பொருள் வினவிச் செல்வார்க்கு எல்லையில்லை என்ற இடத்தில், செயற்கையாகவேனும் ஒரு வரம்பு கட்டப்பட்டது. அவ்வரம்புக்குள் உள்ள சொற்களை எங்ஙனம் உணர்த்துவது? அகராதியால் அன்று; ஆசிரியன் பொருளைக் காட்டியும் நடித்தும் உணர்த்துவான். காட்டி உணர்த்தும் நெறியை நம் உரையாசிரியரும் கூறியுள்ளனர். 1978-இல் லாங்மன் நிறுவனத்தார் வெளியிட்ட கற்போர் அகராதி, ஏறத்தாழ 2,000 சொற்களால் விளக்கம் கூறி இம்முறையைப் பரப்பியது.

ஆக்டன் 1930-இல் வெளியிட்ட 850 சொற்களின் அடிப்படை ஆங்கிலம் வேறொரு வழியில் சென்றது. வினைகளைப் பதினெட்டாகச் சுருக்கி, அவற்றை முன்னிடைச் சொற்களோடு கூட்டி ஏனைய வினைகளின் பொருளைப் பெறலாம் என்றார் அவர். காகிதத்தில் இது பெரும் சிக்கனம். ஆனால், 'புட்', 'அப்', 'வித்' என்னும் மூன்றனையும் தனித்தனியே அறிந்தவன், அவை சேர்ந்து 'பொறுத்துக்கொள்' என்று பொருள்படுவதனை எங்ஙனம் அறிவான்? அது நான்காவது சொல். பட்டியலில் எண்ணப்படாத சொல். வெஸ்ட் முதலானோர் 1934-இல் இதனைக் கண்டித்து எழுதினர். 1953-இல் வெஸ்ட் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே உள்ளன. அதன் சிறப்பு, சொல்லை மட்டும் எண்ணாது அதன் ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு எத்துணை முறை வருகிறது என்று காட்டியதில் உள்ளது. வருகை ஒன்றையே கொள்ளாது, கற்றற்கு எளிமை, இன்றியமையாமை, நடைநிலை ஆகியவற்றையும் அவர் கருதினார்.

2001-இல் ஐரோப்பிய அவை வெளியிட்ட பொதுச் சட்டகம் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிநிலைகளை வகுத்தது. அதனை ஒட்டிக் கேம்பிரிட்ஜில் ஆக்கப்பெற்ற சொல்நிலைத் தொகுதி, ஒரே சொல்லின் வெவ்வேறு பொருள்களுக்கு வெவ்வேறு படி குறிக்கிறது. கற்போர் எழுதிய தேர்வு விடைகளை நோக்கி, எந்நிலையினர் எச்சொல்லை உண்மையில் ஆள்கின்றனர் என்று கண்டு வகுத்தது அது. இம்மாற்றம் பெரிது. காட்ரி முதல் தார்ண்டைக் வரை அருமை நூலிலிருந்து அளக்கப்பட்டது. இங்கு அது உணர்வோனிடமிருந்து அளக்கப்படுகிறது.

எனினும், அவ்வுணர்வோர் உலகின் பல மொழியினர் கலந்த கூட்டம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவனின் எளிமையும் அருமையும் வேறு வகையின. நீதிமன்றம், மருத்துவமனை, புகைவண்டி நிலையம் ஆகிய இடங்களில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் எப்படிநிலையில் வைக்கப்பட்டிருப்பினும், அவன் அவற்றைப் பள்ளி செல்லுமுன்பே கேட்டவன். 'அட்ஜர்ன்மெண்ட்' என்பதனை, வழக்குடைய உழவர் ஒருவரும் பிழையின்றிக் கூறுவார். காட்ரி அருஞ்சொல் என்று தொகுத்த இலத்தீன் வழிச் சொற்கள் அவனுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே தருவன; அகராதியைப் பார்த்தால் முடிந்துவிடும். முதற்படியில் வைக்கப்பட்டுள்ள சிறு வினைகளே அவனை வீழ்த்துகின்றன.

முதுகலை வகுப்பில் மொழிபெயர்ப்புப் பாடம் நடத்துங்கால், ஓர் ஆங்கிலப் பகுதியைக் கொடுத்து, அருஞ்சொற்களை அடிக்கோடிட்டுவிட்டு மொழிபெயர்க்குமாறு கூறுவது என் வழக்கம். ஒருமுறை, மகன் தந்தையின் சாயலை ஒத்திருந்தான் என்னும் கருத்தில் 'டேக் ஆஃப்டர்' என்ற தொடர் அப்பகுதியில் வந்தது. மாணவர் அடிக்கோடிட்ட நீண்ட சொற்கள் அனைத்துக்கும் அகராதியின் துணையால் பொருத்தமான தமிழ் எழுதியிருந்தனர். அத்தொடருக்கு வந்தபோதோ, மகன் தந்தைக்குப்பின் எடுத்துக்கொண்டான் என்று எழுதினவர் சிலர். தந்தை இறந்தபின் அவன் சொத்தைப் பெற்றான் என்று விரித்து எழுதினவர் சிலர். தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அத்தொடரின் கீழ்க் கோடிட்டவர் ஒருவரும் இலர்.